மீன்குழம்புச் சட்டியில் பிசைந்த சோறு

கேள்வி: எனக்கு 39 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். என்னைவிட ஐந்து வயது மூத்த அக்கா போன வருடம் சினைப்பைப் புற்றுநோயால் இறந்துபோனாள். வரும் மாதம் வருஷ திதி. முதலில் வயிறு உப்புசம் என்றுதான் சொன்னாள். மூன்று மாதம் மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான். ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் நீர் கோத்திருந்தது, மூன்றாவது ஸ்டேஜ் என்றார்கள். ஆபரேஷன், கீமோ என்று பதினான்கு மாதம் ஓடியது. நோயின் பெயரை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை, ‘கட்டி’ என்று மட்டும் சொல்லிவந்தோம். கடைசியாக வார்டில் இருந்தபோது ஒரு ராத்திரி, “டேய், உண்மையச் சொல்லு, நான் பொழச்சுக்குவனா?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லக்கா, அடுத்த மாசம் வீட்டுக்குப் போயிரலாம்” என்றேன். “சரி கண்ணு, நீ போய்ச் சாப்புடு” என்றாள். பதினோராம் நாள் போய்விட்டாள்.

கண்ணை மூடினால் அந்த வார்டும் மொட்டைத் தலையும் ஒட்டிப்போன கன்னமும்தான் வருகின்றன. சின்ன வயதில் மீன்குழம்புச் சட்டியில் சோறு போட்டுப் பிசைந்து எனக்கு உருட்டித் தருவாள். அந்த முகம் வரவே மாட்டேன் என்கிறது. சித்தப்பா மகள் கல்யாணம் நெருங்குகிறது என்று ஹாலில் மாட்டியிருந்த அக்கா படத்தை அம்மா கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். அவள் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. “துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்காம், நீங்க நடுவுல மாட்டிக்கிட்டீங்க” என்கிறாள் என் மனைவி. வாரத்தில் மூன்று நாள் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. அக்காவின் வாய்ஸ் மெசேஜ் நாற்பதுக்கு மேல் என் போனில் கிடக்கின்றன. கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரி ஃபைலை எரித்துவிட்டால் மனசு லேசாகுமா? அக்கா மகள் ஈரோட்டில் மாமாவோடு இருக்கிறாள், ஒன்பதாவது படிக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அங்கே போவதையே நிறுத்திவிட்டேன். அக்காவை மறக்காமல், ஆனால் இப்படி நொறுங்காமல் இருக்க வழி உண்டா?

பதில்: உங்களைத் ‘தம்பி’ என்று கூப்பிடத்தான் கை வந்தது. ஆனால் அது உங்கள் அக்கா கூப்பிட்ட முறை, அவருக்கே இருக்கட்டும்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தனையும் ஆஸ்பத்திரி. நடுவில் ஒரே ஒரு வரி மீன்குழம்புச் சட்டி. அந்த வரிக்கு வந்ததும் எனக்கு உங்கள் அக்கா தெரிந்தார். அடுப்படித் தரையில் சட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு, அடியில் ஒட்டிய மசாலாவைச் சோற்றால் துடைத்தெடுத்து உருட்டும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண். எதிரே கையை நீட்டிக்கொண்டு ஒரு பொடியன். அந்த முகம் வரவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வந்ததால்தானே எழுதினீர்கள்?

நான் புற்றுநோய் வார்டுகளில் நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் உட்கார்ந்து பேசுவதையே வேலையாகக் கொண்டவள். முதல் வருடத்தில் வீட்டார் அதிகம் சொல்லும் குறை இதுதான்: “நல்லா இருந்த முகம் ஞாபகம் வரமாட்டேங்குது மேடம்.” பயத்தோடு பார்த்த காட்சியை மனம் அழுத்திப் பதித்து வைத்துக்கொள்ளும். பதினான்கு மாதம் நீங்கள் தினமும் பயத்தோடுதான் அந்த முகத்தைப் பார்த்தீர்கள். சாப்பிட்டாளா, வாந்தி எடுத்தாளா, மூச்சு சீராக இருக்கிறதா என்று ஓயாமல் கவனித்தீர்கள். சட்டிச் சோறு சாப்பிட்ட நாட்களில் அப்படி யார் கவனித்துப் பார்த்தார்கள்? அக்கா நாளைக்கும் இருப்பாள் என்ற நம்பிக்கையில் பாதி பார்த்தும் பாதி பார்க்காமலும் ஓடிய நாட்கள் அவை. அதனால் அவை அடியில் கிடக்கின்றன, மேலே வார்டு கிடக்கிறது. அழிந்துபோகவில்லை. அந்த மொட்டைத் தலையும் உங்கள் அக்காதான், அதை விரட்ட வேண்டாம். விரட்டினால் இன்னும் வேகமாக வரும். அது வரும்போது வரட்டும், கூடவே நீங்களாக ஒரு பழைய காட்சியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். கணக்குப் பார்ப்பவர் நீங்கள், நோட்டுப் போடுவது உங்களுக்குப் புதிதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு, அக்காவைப் பற்றி நோய்க்கு முந்தைய ஒரு விஷயம், ஒரே வரியில். அவர் சைக்கிளில் பெல் எப்படி அடிக்கும், எந்தப் பாடத்தில் ஃபெயில் ஆனார், யாரோடு சண்டை போட்டார், எதற்கு உங்களை அடித்தார். நல்லதை மட்டும் எழுதாதீர்கள். அடித்ததையும் எழுதினால்தான் ஆள் முழுதாக வருவார்.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன். உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது.

எங்கள் வேலையில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். குடும்பத்தார் முதலில் என் அறைக்கு வருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, “அவங்களுக்கு என்ன நோய்னு தெரியாது மேடம், தயவுசெஞ்சு சொல்லிராதீங்க” என்பார்கள். அப்புறம் நான் நோயாளியின் கட்டிலுக்குப் போவேன். அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். யாரும் இல்லை என்று உறுதியானதும் என் கையைப் பிடித்து, “எனக்குத் தெரியும்னு எங்க வீட்டாளுங்களுக்குத் தெரியாதும்மா, நீங்க சொல்லிராதீங்க, தாங்கமாட்டாங்க” என்பார். இதை நான் எத்தனை கட்டில்களில் கேட்டிருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை. பதினான்கு மாதம் கீமோ ஏற்றிக்கொண்டவர் அவர். முடி கொட்டியது, பக்கத்துக் கட்டில் காலியானது, மருந்து ஏற்றும் இடத்தின் வாசலில் பெயர்ப்பலகை தொங்கியது. இத்தனைக்கும் நடுவில் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

“சரி கண்ணு, நீ போய்ச் சாப்புடு.” இந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் கேட்டது தன் உயிரைப் பற்றி. நீங்கள் சொன்னதை அவர் மறுக்கவில்லை, மறுபடியும் கேட்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தார், நீங்கள் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது, போய்ச் சாப்பிடச் சொன்னார். அவர் மனதில் என்ன இருந்தது என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஏமாற்றப்பட்ட ஒருவரின் பேச்சாக அது எனக்குக் கேட்கவில்லை. சட்டிச் சோறு உருட்டிக் கொடுத்த அதே பெண்ணின் பேச்சாகத்தான் கேட்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நோயாளி கேட்கும்போது உண்மையைப் பக்குவமாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. அப்படிச் சொல்லிவிட்ட வீடுகளில் விடைபெறுதல் நடக்கிறது. நகையும் பிள்ளையும் யாரிடம் என்பது பேசப்படுகிறது, அழுகை ஒன்றாக நடக்கிறது. உங்கள் வீட்டில் அது நடக்காமல் போனது இழப்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவு உங்கள் ஒருவருடையது இல்லை. குடும்பமே சேர்ந்து எடுத்தது, பாசத்தால் எடுத்தது. அதன் பாரத்தை அந்த ராத்திரி கட்டில் பக்கத்தில் இருந்த ஒரே காரணத்துக்காக நீங்கள் மட்டும் சுமக்கிறீர்கள். அன்றைக்குச் சொல்ல முடியாததை இப்போது சொல்லலாம். பீரோவிலிருந்து அந்தப் படத்தை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசுங்கள். “அக்கா, நீ கேட்டல்ல, எனக்குத் தெரியும்க்கா, சொல்லத் தைரியம் வரல” என்று தொடங்குங்கள். எங்களிடம் வருபவர்களை நாங்கள் இப்படிப் பேச வைப்பதுண்டு. முதல் தடவை தொண்டை அடைக்கும், பரவாயில்லை.

கேஸ் மாத்திரை விஷயம். இதில் மருத்துவம் உங்கள் பக்கம் இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகள் வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். இவற்றைப் பார்த்தால் யாருக்கும் கேஸ் என்றுதான் தோன்றும், டாக்டர்களுக்குமே பல சமயம் அப்படித்தான் தோன்றுகிறது. மார்பகத்துக்கு மேமோகிராம், கருப்பை வாய்க்குப் பாப் ஸ்மியர் இருப்பதுபோல, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிடம் இந்த நோயை முன்கூட்டியே பிடிக்க நம்பகமான சோதனை இன்னும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இது முற்றிய பிறகே தெரிய வருகிறது. மூன்று மாதம் முந்தியிருந்தால் என்று நீங்கள் போடும் கணக்குக்கு விடை யாரிடமும் கிடைக்காது. அந்தக் கணக்கை மூடிவிடுங்கள். வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள்: வீட்டில், வேலை பார்க்கும் இடத்தில், நாற்பதைத் தாண்டிய எந்தப் பெண்ணாவது இரண்டு மூன்று வாரமாக வயிறு உப்பியே இருக்கிறது என்றால், மாத்திரையோடு விடாமல் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

டாக்டராகவே இருந்தும் உடன்பிறந்தவளைப் புற்றுநோயிடமிருந்து காப்பாற்ற முடியாமல் போன ஒருவர் நம் ஊரில் இருந்தார். புதுக்கோட்டையில் பிறந்து, 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை 1923ல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்தச் சாவை அவர் மறக்கவில்லை. சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 ஜூனில் பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தது. தங்கை இறந்து முப்பத்தொரு வருடம் ஆகியிருந்தது, அக்காவுக்கு 67 வயது. நீங்கள் மருத்துவமனை கட்ட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வருடம் ஆகியும் மறக்கவில்லையே என்று உங்களைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அதனால் சொன்னேன்.

மனைவி சொன்ன ஐந்து கட்டம்: அது 1969ல் எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது. இறந்தவரின் வீட்டாருக்கு அதைப் பின்னால்தான் பொருத்தினார்கள். துக்கம் படி ஏறுவதுபோல் வரிசையாகப் போகாது. காலையில் சிரித்துப் பேசி, மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு அம்மாவின் பின்னலைப் பார்த்து உடைந்துபோவீர்கள். இரண்டும் இயல்பு. மனைவியிடம் கோபப்பட வேண்டாம். வீட்டில் வேறொரு மனிதர் வளைய வருவதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பேசுகிறார். அந்த நோட்டை அவரிடம் ஒரு நாள் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் குடியைப் பற்றி அவர் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை. குடித்து வரும் தூக்கம் பாதி ராத்திரியில் கலைந்துவிடும், விடியற்காலையில் துக்கம் இரட்டிப்பாக நிற்கும். ஒரு வருடம் தாண்டியும் துக்கம் குறையாமல் அன்றாட வேலைகளை முடக்கினால், அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலை என்றுதான் இன்றைய மருத்துவம் பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலே என்கிறது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், தெளிவாக எழுதுகிறீர்கள். அந்த அளவில் எனக்கு நிம்மதி. ஆனாலும் இந்த மாதமே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள், குடியை ஒளிக்காமல் சொல்லுங்கள். ராத்திரி தாங்க முடியாமல் போனால், அக்காவிடமே போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றினாலும், 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

படத்துக்காக அம்மாவோடு சண்டை போடாதீர்கள். நீங்கள் அக்காவை இழந்தீர்கள், அவர் பெற்ற பெண்ணை இழந்தார். படம் கண்ணில் படாவிட்டால்தான் அவரால் அடுப்பு பற்றவைக்க முடிகிறதோ என்னவோ. உங்களுக்கோ பட்டால்தான் மூச்சு வருகிறது. ஒரு பிரதி எடுத்து உங்கள் அறையில் மாட்டிக்கொள்ளுங்கள், அது போதும். ஆனால் கல்யாணம் வருவதால் செத்தவர் பேச்சு கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னால் அதை ஏற்காதீர்கள். நம் வழக்கம் அப்படி இல்லையே. பல குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்கிறோம். பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்த பெண்ணுக்குப் புதுச்சேலையும் மல்லிகையும் வைத்து, வீட்டுக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போ என்று கூப்பிடும் சடங்கு அது. கணவர் இருக்கும்போதே இறந்தவர் உங்கள் அக்கா. உங்கள் குலத்தில் இந்த வழக்கம் உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இறந்தவரோடு உறவை அறுத்துக்கொள்வதுதான் துக்கத்தின் முடிவு என்று மனநலத் துறையில் வெகுகாலம் கற்பித்தார்கள். 1990களில்தான், உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பே என்று எங்கள் துறை பரவலாகப் பேசத் தொடங்கியது. சேலை வைத்துக் கூப்பிட்ட நம் பாட்டிகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வாய்ஸ் மெசேஜ்களை இப்போது கேட்க வேண்டாம். ஆனால் இந்த வாரமே அவற்றை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில். போன் தண்ணீரில் விழுந்து எல்லாம் போன பிறகு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. அக்காவின் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தால், சில மாதங்களில் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும், வாட்ஸாப்பில் அக்கா படம் இருந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒரு முகம் வந்து நிற்கும். எண்ணை வைத்துக்கொள்வதா விடுவதா என்று மாமாவிடம் பேசி முடிவெடுங்கள். தானாக நடந்து அதிர்ச்சி தர விடாதீர்கள்.

ஃபைலைக் கண்டிப்பாக எரிக்காதீர்கள். இந்தப் புற்றுநோய் சிலருக்குப் பரம்பரையாக வருகிறது. பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் உள்ள மாற்றம் தாய்வழியிலும் வரலாம், தந்தைவழியிலும் வரலாம். அக்காவுக்கு அந்தச் சோதனை செய்தார்களா என்று ஃபைலில் பாருங்கள், இல்லையென்றால் சிகிச்சை பார்த்த டாக்டரிடம் கேளுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டும் ஆபரேஷன் குறிப்பும் அக்கா மகளுக்கு நாளைக்குத் தேவைப்படும் காகிதங்கள், உங்களுக்குப் பெண் குழந்தை இருந்தால் அவளுக்கும். கண்ணில் படாமல் பரண் மேல் வையுங்கள், எங்கே இருக்கிறது என்பது மட்டும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். அக்கா மகளுக்கு வயது பதினான்குதான், இப்போது அவளைப் பயமுறுத்த ஒன்றுமில்லை. இருபதைத் தாண்டியதும் ஒரு மரபணு ஆலோசகரிடம் கூட்டிப்போகலாம்.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். போவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் பக்கம் நின்று பாருங்கள். அம்மா போனாள், அதோடு தாய்மாமனும் வரவில்லை. தன் முகம் அம்மா சாயலில் இருப்பதுதான் காரணம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நம் மேல் கோபமோ என்றுதான் நினைப்பாள். மாமாவுக்குக் கல்யாணத்திலிருந்துதான் உங்கள் அக்காவைத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு அம்மாவாக மட்டும்தான் தெரியும். அக்காவின் பத்து வயதைக் கூட இருந்து பார்த்தவர்கள் இனி நீங்களும் உங்கள் அம்மாவும்தான், உங்கள் அம்மாவால் இப்போது பேச முடியவில்லை. தன் வயதில் அம்மா எப்படி இருந்தாள் என்று அவள் கேட்க வேண்டுமென்றால் உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

திதிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்குப் போங்கள். நோட்டையும் எடுத்துப்போங்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்தால் அழுங்கள். அவளும் அழ ஆள் இல்லாமல்தான் இருப்பாள். “ஏன் மாமா இத்தனை நாள் வரல?” என்று கேட்டால், இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழம்பு வையுங்கள். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கட்டும். சட்டியைக் கழுவப் போடாதீர்கள்.